96,516: ஓர் இடைத்தேர்தலும் தாமதமாகும் நீதியும்

2015 பிப்ரவரி 16 அன்று ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டன. அதிமுக வேட்பாளர் எஸ். வளர்மதிக்கு 1,51,561 வாக்குகள். திமுகவின் என். ஆனந்துக்கு 55,045. பாஜகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் டெபாசிட் இழந்தன. வித்தியாசம் 96,516. நான்காண்டுகளுக்கு முன் இதே ஆனந்தை எதிர்த்து இதே தொகுதியில் ஜெயலலிதாவே நின்றபோது கிடைத்த வித்தியாசம் 41,848தான். ஊழல் வழக்கில் தண்டனை பெற்று முதல்வர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் இழந்த ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில், அவர் பெயரைச் சொல்லி நின்றவர் அவரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த வாரம் இரண்டு விளக்கங்கள் உலவின. ஆளுங்கட்சி, மக்கள் மன்றம் நீதிமன்றத்தைத் திருத்திவிட்டது என்றது. தேர்தல் சீர்திருத்தம் பேசுகிறவர்களோ, தமிழ்நாட்டு வாக்காளருக்கு ஊழல் ஒரு பொருட்டே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்புமே 96,516 என்ற எண்ணை மக்களின் கருத்தாக எடுத்துக்கொண்டன. அங்கேதான் பிழை என்று நினைக்கிறேன். பதினைந்தே மாதங்கள் கழித்து, 2016 மே மாதப் பொதுத்தேர்தலில், அதே வளர்மதி அதே தொகுதியில் திமுகவின் எம். பழனியாண்டியை வென்றார், வித்தியாசம் 14,409. 2021இல் பழனியாண்டி 19,915 வாக்கு வித்தியாசத்தில் தொகுதியைக் கைப்பற்றினார். பிப்ரவரி 2015இல் இருந்த வித்தியாசத்தில் எண்பதாயிரம் சொச்சம் வாக்கு மறு ஆண்டு மே மாதத்துக்குள் காற்றில் கரைந்துவிட்டது. ஒரு தொகுதி மக்களின் மனம் அவ்வளவு வேகமாக மாறாது. மாறியது தேர்தலின் தன்மை.

சென்னை ஆர்.கே. நகரிலும் இதே கதைதான். 2015 ஜூன் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவின் வித்தியாசம் 1,50,722. அப்போது திமுக போட்டியிடவே இல்லை. 2016 பொதுத்தேர்தலில் அது 39,545 ஆனது. அதற்கு முந்தைய திமுக ஆட்சியைப் பாருங்கள். 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. அதன்பின் 2010 வரை நடந்த அத்தனை இடைத்தேர்தல்களிலும் ஆளுங்கூட்டணிக்கே வெற்றி. 2011 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை 23 இடங்கள். அரசின் மீதுள்ள கோபத்தை இடைத்தேர்தல் அளப்பதில்லை. ஆட்சி மாறாத தேர்தலில், மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்குத் தொகுதிக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் வாக்காளர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் அறியாமை ஒன்றும் இல்லை.

ஸ்ரீரங்கம் தொகுதி என்றால் கோபுரமும் சித்திரை வீதியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஸ்ரீரங்கம் தீவு அதன் ஒரு பகுதிதான். காவிரியின் தென்கரையில் வாழையும் நெல்லுமாக ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வரை நீளும் அந்தநல்லூர் ஒன்றியம், வானம் பார்த்த நிலங்களோடு தெற்கே விரியும் மணிகண்டம் ஒன்றியம் இரண்டும் சேர்ந்ததுதான் தொகுதி. 2011க்குப் பிறகு இந்தக் கிராமங்களுக்கு வந்தவை கொஞ்சநஞ்சமல்ல. நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பள்ளியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும், சேதுராப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தன. கொள்ளிடக் கரைப் பக்கம் பக்தர்கள் தங்க யாத்ரி நிவாஸ் எழுந்தது. முதல்வர் தொகுதி என்ற ஒரே காரணத்தால் நான்காண்டுகளில் வந்து இறங்கிய இவற்றைப் பார்த்த ஒருவர், 2015 பிப்ரவரியில் ஆளுங்கட்சிக்கு எதிராகக் குத்த என்ன காரணம் இருந்தது? அவர் வாக்கால் ஆட்சி மாறப்போவதில்லை. வர வேண்டிய சாலை வேண்டுமானால் வராமல் போகும். அமைச்சர்கள் கூட்டமாகத் தொகுதியில் முகாமிட்டிருந்தார்கள். காங்கிரஸும் பாமகவும் களத்துக்கே வரவில்லை. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்று எதிர்க்கட்சிகளே ஒதுங்கும்போது வாக்காளர் மட்டும் வீரம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

செப்டம்பர் 27

இந்த இடைத்தேர்தலைக் கொண்டுவந்த சட்டத்துக்கு ஒரு தேதி ராசி உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8இன்படி, ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் தகுதியிழக்கிறார். வேறு குற்றங்களில் இரண்டாண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை பெற்றவரும் அப்படியே. ஆனால் பதவியில் இருப்பவருக்கு மட்டும் 8(4) என்ற உட்பிரிவு ஒரு பாதுகாப்புத் தந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடியும்வரை பதவி பத்திரம். மேல்முறையீடு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவை அடித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்க மன்மோகன் சிங் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர முயன்றது. 2013 செப்டம்பர் 27 அன்று ராகுல் காந்தி டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் வந்து, அது கிழித்தெறியப்பட வேண்டிய அபத்தம் என்று சொன்னார். அவசரச் சட்டம் அத்தோடு போயிற்று. அதே நாளில்தான் உச்ச நீதிமன்றம் 'நோட்டா' பொத்தானுக்கு உத்தரவிட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பர் 27 அன்று, பெங்களூரு பரப்பன அக்ரகாரத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா சொத்துக்குவிப்பு வழக்கில் தீர்ப்பளித்தார்: நான்காண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும்போதே தண்டனையால் தகுதியிழந்த முதல் முதலமைச்சர் ஜெயலலிதா. அன்று அபத்தம் என்று சொன்னவரும் இதே சட்டத்தில் 2023 மார்ச்சில் பதவியிழந்தார் என்பது தனிக்கதை.

தனிக்கதைதான், ஆனால் ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்குத் தண்டனை அறிவித்தது 2023 மார்ச் 23. மறுநாளே மக்களவைச் செயலகம் அவர் தகுதியிழந்ததாக அறிவித்தது. ஜெயலலிதா விஷயத்தில் ஸ்ரீரங்கம் காலி என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது 2014 நவம்பர் 8. ஒரே சட்டம், ஒரே பிரிவு. ஓரிடத்தில் ஒரு நாள், இன்னோரிடத்தில் 42 நாள். தகுதியிழப்பு தானாகவே நிகழ்கிறது என்கிறது உச்ச நீதிமன்றம். ஆனால் அதைக் காகிதத்தில் எழுதும் கை அவைத் தலைவருக்குக் கீழே இயங்குகிறது. அவைத் தலைவர் ஆளுங்கட்சியின் தேர்வு. சீர்திருத்த விவாதங்களில் இந்தச் சின்னஞ்சிறு இடைவெளியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பெரிய இடைவெளி வழக்கிலேயே இருக்கிறது. சொத்துக்குவிப்புப் புகார் 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக்காலத்தைப் பற்றியது. சுப்பிரமணியன் சுவாமி புகார் கொடுத்தது 1996இல். 2003இல் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வர 18 ஆண்டு. அதற்குள் தமிழ்நாடு மூன்று சட்டமன்றத் தேர்தல்களைப் பார்த்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் இருமுறை ஆட்சியைப் பிடித்துவிட்டார். வழக்கைப் பற்றி ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 2015இல் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. 2011இலேயே எல்லாம் தெரிந்துதான் வாக்களித்திருந்தார்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னால்தான் வாக்காளரின் குழப்பம் புரியும். இடைத்தேர்தல் முடிந்து மூன்று மாதத்துக்குள், 2015 மே 11 அன்று, கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி எல்லாரையும் விடுதலை செய்தார். வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில், பத்துக் கடன்களைக் கூட்டி 24.17 கோடி ரூபாய் என்று போட்டிருந்தது. உண்மையான கூட்டுத்தொகை 10.67 கோடிதான் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா எடுத்துக்காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளை கூட்டிப் பார்த்தாலே தெரியும் பிழை. ஆனாலும் மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் முதல்வர். 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பே சரி என்றது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா உள்ளிட்ட மூவர் சிறைக்குப் போனார்கள். முதல் குற்றவாளி உயிரோடு இல்லாததால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது.

குற்றவாளி, நிரபராதி, மீண்டும் குற்றவாளி. இடையில் இரண்டு இடைத்தேர்தல், ஒரு பொதுத்தேர்தல். இந்தத் தீர்ப்புகளில் எதை நம்பி ஜீயபுரத்து வாழை விவசாயி தன் வாக்கை முடிவு செய்திருக்க வேண்டும்? காலம் தவறி வரும் தீர்ப்பு வாக்காளரிடம் தகவலாகப் போய்ச் சேருவதில்லை, கட்சிச் சண்டையின் இன்னொரு செய்தியாகத்தான் போய்ச் சேருகிறது. தேர்தல் சீர்திருத்தம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதைப் பற்றியது. எப்போது தெரியும் என்ற கேள்வி அதைவிட முக்கியம் என்பதே என் வாதம்.

கவரும் சட்டமும்

ஸ்ரீரங்கத்தில் பணம் விளையாடியது என்று எதிர்க்கட்சிகள் புகார் அடுக்கின. தமிழ்நாட்டில் எந்த இடைத்தேர்தலைப் பற்றித்தான் அந்தப் புகார் இல்லை? திருமங்கலத்துக்குப் பிறகு 'ஃபார்முலா' என்ற சொல்லே அரசியல் பேச்சில் தனிப்பொருள் பெற்றுவிட்டது. வேலை நடக்கும் முறை தெருவில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. பூத் கமிட்டிக்காரர் கையில் வாக்காளர் பட்டியலின் நகல் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே எத்தனை ஓட்டு, எது உறுதி, எது சந்தேகம், யார் வெளியூரில் என்று பேனாவால் குறி. "உங்க வீட்ல நாலு ஓட்டுதானே?" என்ற கேள்வியோடு கவர் கைமாறும். பறக்கும் படை நெருக்கினால் கவருக்குப் பதில் டோக்கன், பணம் பிறகு. வாங்காத வீட்டைத்தான் தெரு சந்தேகமாகப் பார்க்கும், மாற்றுக்கட்சி என்று. எதிர்க்கட்சியும் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொண்டு விருப்பப்படி குத்துகிறவர்கள் நிறைய. அதனால் பணம் வாக்கை வாங்கிவிடுகிறது என்று சொல்வது முழு உண்மையில்லை. பணம் வாங்குவது வேட்பாளர் பட்டியலை. இத்தனை கோடி புரட்ட முடியாதவருக்குக் கட்சி சீட்டு கொடுக்காது. வாக்குச்சாவடிக்குப் போகும் முன்பே தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

திருச்சியைச் சுற்றியே இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன. 2016 மே மாதம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா அளவுமீறிப் போனதால் தேர்தல் ஆணையம் முதலில் தள்ளிவைத்தது, பிறகு ரத்தே செய்தது. சட்டமன்றத் தேர்தல் பணத்துக்காக அப்படி ரத்தானது நாட்டிலேயே முதல்முறை. ஒன்று திருச்சிக்கு மேற்கே, இன்னொன்று கிழக்கே. இரண்டும் பஸ்ஸில் போய்வரும் தூரம். அடுத்து 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். அமைச்சர் ஒருவர் வீட்டில் வருமான வரித்துறை சோதனையிட்டு 89 கோடி ரூபாய் கணக்குத் தாள்களை எடுத்த இரண்டே நாளில் தேர்தல் ரத்து. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. 2021இல் திருச்சி மேற்குத் தொகுதியில், தபால் வாக்கு போடவிருந்த காவலர்களுக்காகக் காவல் நிலையங்களிலேயே 2,000 ரூபாய் கவர்கள் சிக்கின. சில காவலர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். அதே மாதம் பெட்டவாய்த்தலை அருகே சாலையோரம் ஒரு மூட்டையில் 1 கோடி ரூபாய் கிடைத்தது. அந்த நாட்களிலேயே மாவட்ட ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் ஆணையம் மாற்றியது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் மட்டும் பிடிபட்ட பணமும் பொருளும் 446 கோடி ரூபாய் மதிப்பு. அப்போது ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவிடக்கூடியது 30.8 லட்சம்.

இத்தனைக்கும் பிறகு யார் தண்டிக்கப்பட்டார்கள்? இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரியும். வாக்குக்கு லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஆனால் ஓராண்டு சிறைக்குரிய சிறு குற்றம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத வகை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171இ என்றிருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 173. எண் மாறியது, கனம் மாறவில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்துசெய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்ற தனிப்பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அதேபோல் 58பி என்று ஒரு பிரிவு வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அரசமைப்பின் 324ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்துத்தான் ஆணையம் தேர்தலை ரத்து செய்கிறது. ரத்தான தேர்தலில் நின்ற அதே ஆட்கள் சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பவும் நிற்கலாம், நின்றார்கள், வென்றார்கள். ஆர்.கே. நகர் தாள்களின் பேரில் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே பல மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தேர்தல் காலத்தில் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. விடியற்காலையில் காய்கறி மொத்தக் கொள்முதலுக்கு வருகிறவர் கையில் ரொக்கம்தான் இருக்கும். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகிறவரிடம் ரசீது எங்கிருந்து வரும்? பிடிபட்ட பணத்தைத் திரும்ப வாங்க ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டு நிற்க வேண்டும். தேர்தல் செலவில் பெரும்பணம் ஊருக்குள் வந்து இறங்குவது தேதி அறிவிப்பதற்கு முன்பே என்பது வியாபாரிகளுக்கும் தெரியும், பறக்கும் படைக்கும் தெரியும்.

வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; நாடாளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி அதை முறித்தது. கட்சிக்கு வரும் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு, 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் ரத்தான பிறகுதான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. திமுகவுக்குப் பத்திரங்கள் வழியே வந்த 656.5 கோடி ரூபாயில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து என்று அந்தக் கட்சியே கொடுத்த விவரம் காட்டியது. 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்ட மாநிலம் இது. வெளிச்சம் வந்தது, பணம் செலவாகி இரண்டு மூன்று தேர்தல் முடிந்த பிறகு.

தோற்றவர் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ராதாபுரத்தில் 2016இல் 49 வாக்கில் தோற்ற மு. அப்பாவு மனுப் போட்டார். தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணியும் முடித்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் ஓடிப்போயிற்று. அந்த உறையில் என்ன இருந்தது என்று ராதாபுரம் வாக்காளருக்கு அந்தச் சட்டமன்றம் இருந்தவரை தெரியவில்லை. இதைவிட நம் தேர்தல் நீதியைச் சுருக்கிச் சொல்லும் வழக்கு எனக்குத் தெரியாது.

கைதா, குற்றச்சாட்டா, தண்டனையா

தண்டனை வரும்வரை காத்திருந்தால் காலம் போய்விடுகிறது என்பதால், தகுதியிழப்பை முன்னே நகர்த்த வேண்டும் என்ற வாதம் பல ஆண்டுகளாக உண்டு. சட்ட ஆணையம் 2014 பிப்ரவரியில் தந்த 244ஆவது அறிக்கை, ஐந்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த கட்டத்திலேயே தகுதியிழக்கச் செய்யலாம் என்றது. கடைசி நேரப் பொய்வழக்குகளைத் தவிர்க்க, வேட்புமனு பரிசீலனைக்கு ஓராண்டுக்கு முன் வனையப்பட்டவை மட்டும் என்று வடிகட்டியும் வைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நாடாளுமன்றம்தான் இதைச் செய்ய வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. நாடாளுமன்றம் செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த 130ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா வேறொரு வழியில் பாய்ந்தது: 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் முதல்வரோ அமைச்சரோ பதவி இழப்பார்.

இந்த மசோதாவை ஆதரிக்கத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் சுலபமாகக் கிடைக்கும். வி. செந்தில்பாலாஜி 2016இல் ரத்தான அரவக்குறிச்சித் தேர்தலில் அதிமுக வேட்பாளர். நவம்பரில் நடந்தபோது வென்றார். 2017இல் பதினெட்டுப் பேரில் ஒருவராகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2019இல் அதே தொகுதியில் திமுகவுக்காக வென்றார். அதிமுக ஆட்சியில் போக்குவரத்துத் துறை வேலைக்குப் பணம் வாங்கியதாக எழுந்த புகாரில், திமுக அமைச்சராக இருந்தபோது 2023 ஜூனில் கைதானார். எட்டு மாதம் சிறையில் இலாகா இல்லாத அமைச்சர். ஜாமீன் கிடைத்த மூன்றாம் நாளே மீண்டும் அமைச்சர். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் 2025 ஏப்ரலில் விலகினார். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார், வழக்கு முடியவில்லை. மக்களுக்கு எரிச்சல் வரத்தானே செய்யும்.

எரிச்சல் நியாயம், மருந்து தவறு. கைது என்பது போலீஸும் அமலாக்கத் துறையும் எடுக்கும் முடிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை இறக்கும் சாவியை அவர்கள் கையில் கொடுத்தால், டெல்லியில் யார் ஆட்சியோ அவர்கள் விருப்பப்படிதான் மாநில அமைச்சரவைகள் நிற்கும். திருச்சிக்கே இதில் அனுபவம் உண்டு. 2011இல் நில அபகரிப்பு வழக்கில் கைதாகியிருந்த கே.என். நேரு அந்த அக்டோபரில் திருச்சி மேற்கு இடைத்தேர்தலில் நின்று தோற்றார். ஆட்சி மாறியதும் முந்தைய ஆட்சிக்காரர்களைக் கைது செய்வது இங்கே இரு பக்கமும் பழகிய சடங்கு. சட்ட ஆணையம் சொன்ன வழியில் குறைந்தபட்சம் ஒரு நீதிபதி ஆவணங்களைப் பார்த்திருப்பார். எனக்கு அது ஏற்புடையது, ஒரு நிபந்தனையோடு: வனைந்த நாளிலிருந்து ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஓராண்டுக் கெடுவை உத்தரவாகவே போட்டது. காகிதத்தில் இருக்கிறது.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் தாண்டி இலங்கையில் அது 1978 அரசமைப்பிலிருந்தே இருக்கிறது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி வேட்பாளர்களே மாவட்டம் முழுக்கப் போஸ்டர் ஒட்டி ஒருவரையொருவர் முந்தப் பார்த்ததில் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை. அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது தேர்தல் முறை அல்ல, மக்களின் கோபம். 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்சவை வீட்டுக்கு அனுப்பியது காலிமுகத்திடலில் திரண்ட கூட்டம். அந்தக் கோபம் 2024 நவம்பரில் வாக்காக மாறி, 225 இடங்களில் 159ஐ ஒரே அணிக்குக் கொடுத்தது. ஆட்சியையே மாற்றும் தேர்தலாக அது இருந்ததால் கோபத்துக்கு அங்கே வேலை இருந்தது.

திருச்சியில் கோபத்துக்கு அன்றாடம் வேலை இருக்க வேண்டிய இடம் உள்ளாட்சி. திருப்புமுனை என்று சொல்லிக் கட்சிகள் மாநாடு போட வரும் ஊர் இது. தேர்தலில் போட்டியிடலாமா என்று திமுக தன் தொண்டர்களிடமே வாக்கெடுத்ததும் இங்கே நடந்த 1956 மாநாட்டில்தான். அந்த ஊரில், 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. இட ஒதுக்கீட்டுக் குறையைச் சொல்லித் திமுக வழக்குப் போட, அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று ஆண்டுகள் போயின. சட்டமன்ற இடம் ஒன்று காலியானால் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 151ஏ. அதனால்தான் ஸ்ரீரங்கத்துக்கு 2015 பிப்ரவரியிலேயே தேர்தல் வந்தது. ஒரு மாநகராட்சி முழுவதும் ஐந்தாண்டுக்கு மேல் காலியாகக் கிடந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான், 2017இல், திருச்சி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. மலைக்கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டி 2021 கடைசியில் திறந்தார்கள். வடிவமைப்பு சரியா, டெண்டர் சரியா, கடைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை. தேர்தல் சீர்திருத்தக் கருத்தரங்குகளில் இதைப் பற்றி யாரும் கட்டுரை வாசித்ததாக நினைவில்லை.

திருச்சி மாவட்டக் கிராம ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்பின் 243இ சொல்கிறது. எந்தச் சாக்கும் செல்லாது என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்திருக்கிறது. அதே ஜனவரியில், மணிகண்டம் ஒன்றியத்தின் அதவத்தூரை மாநகராட்சியோடு இணைக்கும் முடிவை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் சாலைக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பது அவர்கள் குறை. ஸ்ரீரங்கம் தொகுதிக்குள் இருக்கும் ஊர் அது. மனுவைக் கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் அங்கே பதவியில் இல்லை.